பிறவி என்பதும் பரம்பரை என்பதும் ஒன்றல்ல

பேரன்புக்குரிய இறைமக்களே,

வைத்தியசாலைக் கடிதங்களோடு பங்குமனைக்கு வருகின்ற பெற்றோர் பலரை இங்கே இலண்டனில் சந்திக்கிறேன். நோயைவிட, அந்தக் கடிதத்தில் உள்ள ஒரு சொல்லே சிலரை அதிகம் வாட்டியிருப்பதைக் கண்டிருக்கிறேன். ஆகவே, பிறப்போடு தொடர்புடைய சில ஆங்கிலச் சொற்களைப் பற்றி இன்று உங்களோடு பேச விரும்புகிறேன். இச்சொற்கள் அனைத்தையும் நாம் வீட்டிலே 'பரம்பரை' என்ற ஒரே சொல்லால் பெயர்த்துவிடுகிறோம். அதனால் விளையும் துன்பம் சிறிதன்று.

முதலாவது, 'கொன்ஜெனிற்றல்'. 'உடன் பிறந்தது' என்பதே இதன் இலத்தீன் மூலப்பொருள். குறை எப்போது இருந்தது என்பதை மட்டுமே இது சொல்கிறது. எதனால் வந்தது என்பதைச் சொல்வதில்லை. கருவுற்ற தாய்க்கு ருபெல்லா என்னும் தொற்று ஏற்பட்டால் குழந்தை கண்புரையோடு பிறக்கக்கூடும் என்பதை அவுஸ்திரேலியக் கண் வைத்தியர் நோர்மன் கிரெக் 1941இல் வெளிப்படுத்தினார். 1950களின் இறுதியில் கர்ப்பகாலக் குமட்டலுக்கென வழங்கப்பட்ட தலிடோமைட் என்னும் மருந்தினால் ஆயிரக்கணக்கான குழந்தைகள் கைகால் குறைபாடுகளோடு பிறந்தார்கள். இவை யாவும் பிறவிக் குறைகளே. ஆயினும் எந்தக் குடும்பத்தின் பரம்பரையிலிருந்தும் வந்தவை அல்ல.

இரண்டாவது, 'ஹெரிடிற்றரி'. பெற்றோரிடமிருந்து வழிவழியாக வருவது என்று பொருள். நமது 'பரம்பரை' என்ற சொல் பொருந்துவது இதற்கு மட்டுமே. ஆனால் பரம்பரையாக வருவது பிறக்கும்போதே தெரிய வேண்டும் என்பதில்லை. கடும் தலசீமியா நோயுள்ள குழந்தை பிறக்கையில் நலமாகவே காணப்படும். இரத்தச்சோகை பெரும்பாலும் முதல் இரண்டு ஆண்டுகளுக்குள்தான் வெளிப்படும். தாயும் தந்தையும் தாம் நோயுறாமலே அந்த மரபணுவைச் சுமந்திருந்தால், ஒவ்வொரு கருவிலும் நோய் வருவதற்கான வாய்ப்பு நான்கில் ஒன்று. ஹன்ரிங்டன் நோயோ பெரும்பாலும் முப்பது வயதுக்குப் பின்னரே தலைகாட்டும்.

மூன்றாவது, 'ஜெனெற்றிக்'. மரபணுவோடு தொடர்புடையது என்று பொருள். இதுவும் எப்போதும் பரம்பரை ஆகாது. டவுன் நோய்க்குறி உள்ளவர்களின் உயிரணுக்களில் 21ஆவது குரோமோசோம் ஒன்று மேலதிகமாக இருப்பதை, பாரிசில் மார்த் கோத்தியே, ஜெரோம் லெஜோன் முதலியோர் 1959இல் அறிவித்தார்கள். பெரும்பாலும் அது கருமுட்டையோ விந்தணுவோ உருவாகும் வேளையில் தற்செயலாக நேர்வது. பெற்றோரிடம் அது இருப்பதில்லை.

இந்த வேறுபாடு அகராதிக்கு மட்டும் உரியது என்று எண்ணிவிடாதீர்கள். இதயத்தில் துவாரத்தோடு பிறந்த ஒரு குழந்தையின் பெற்றோரை நான் அறிவேன். கடிதத்தில் 'கொன்ஜெனிற்றல்' என்றிருந்தது. உறவினர் ஒருவர் அதைப் 'பரம்பரை நோய்' என்று மொழிபெயர்த்தார். அன்றுமுதல் "எங்கட பக்கத்தில் இப்படி ஒருவரும் இல்லை" என்ற பேச்சு அந்த வீட்டில் எழுந்தது. அந்தத் தாய் பல மாதங்கள் தலைகுனிந்தே நடமாடினார். அவரும் கணவரும் உரைபெயர்ப்பாளரோடு வைத்தியரிடம் மீண்டும் செல்லும்படி வேண்டினேன். இது எவரிடமிருந்தும் வந்ததாகத் தெரியவில்லை, கர்ப்பகாலத்தில் தாய் செய்த எதனாலும் நேர்ந்ததுமல்ல என்று வைத்தியர் பொறுமையாக விளக்கினார். அந்தத் தாய் அன்று அழுதது துயரத்தால் அல்ல.

யோவான் நற்செய்தியின் 9ஆம் அதிகாரத்தை நினைத்துப் பாருங்கள். பிறவியிலேயே பார்வையற்ற மனிதரைக் கண்டபோது, பாவம் செய்தவர் அவரா அவருடைய பெற்றோரா என்று சீடர்கள் கேட்டார்கள். ஆண்டவர் இரண்டையும் மறுத்தார். நம் வீடுகளில் அதே கேள்வி இன்று 'யாருடைய பரம்பரை' என்ற வடிவில் எழுகின்றது.

உண்மையிலேயே பரம்பரையாக வரும் நோயை மறைக்கவேண்டும் என்று நான் சொல்லவில்லை. அதனை அறிந்தால் உடன்பிறந்தோரைப் பரிசோதிக்கலாம். திருமணத்திற்கு ஆயத்தமாவோர் தெளிவோடு முடிவெடுக்கலாம். இங்கிலாந்தில் கருவுற்ற தாய்மாருக்குத் தலசீமியாப் பரிசோதனை வழங்கப்படுகின்றது. தயங்காமல் அதைப் பெற்றுக்கொள்ளுங்கள். மரபணுவைத் தெரிந்தெடுத்துப் பிள்ளைக்குக் கொடுத்த தாயும் இல்லை, தந்தையும் இல்லை. ஆகவே அறிவது வேறு, பழி சுமத்துவது வேறு.

இன்னும் இரு சொற்கள் உள்ளன. 'இன்னேற்' என்பது பெரும்பாலும் இயல்பாய் அமைந்த ஆற்றலையும் குணத்தையும் குறிப்பது. பயிலாமலே தாளம் பிடிக்கும் பிள்ளையின் இசையுணர்வுக்கு அச்சொல் பொருந்தும். 'இன்ஹெரென்ற்' என்பதோ ஒன்றோடு ஒட்டிப் பிரிக்க முடியாமல் இருப்பது. 1948ஆம் ஆண்டின் உலக மனித உரிமைப் பிரகடனம் மனித மாண்பைக் குறிக்க இச்சொல்லையே தன் முகவுரையில் ஆள்கின்றது. இதயத் துவாரத்தைச் சத்திரசிகிச்சையால் மூடிவிடலாம். பிள்ளையின் மாண்பையோ எந்த நோயும் எந்தப் பேச்சும் பிரித்தெடுக்க முடியாது.

எனவே அன்பானவர்களே, இத்தகைய கடிதம் கைக்கு வந்தால் மூன்று கேள்விகளை வைத்தியரிடம் கேளுங்கள்: இது பிறக்கும்போதே இருந்ததா? பெற்றோரிடமிருந்து வந்ததா? அடுத்த பிள்ளைக்கும் வரக்கூடுமா? ஆங்கிலம் தடையானால் உரைபெயர்ப்பாளரைக் கேளுங்கள், என்.எச்.எஸ். அதற்குக் கட்டணம் அறவிடுவதில்லை. பதில் கிடைக்கும்வரை 'பரம்பரை' என்ற சொல்லை வீட்டில் எவரும் உச்சரியாதிருங்கள். மற்றொருவரின் பிள்ளையைப் பற்றியோ ஒருபோதும் உச்சரியாதிருங்கள்.

உங்கள் பிள்ளைகள் ஒவ்வொருவரையும் இறைவன் ஆசீர்வதித்துக் காப்பாராக.

இறையன்பில்,
உங்கள் பங்குத்தந்தை