ஊர் பேரையெல்லாம் தைத்தவர், தன் பேரைத் தைத்தபோது!

திருப்பூர் பனியன் கம்பெனி ஒன்றில் ஏழு வருஷம் அவருக்கு லேபிள் வைக்கும் வேலை. கழுத்துக்குப் பின்னால் பிராண்ட் பெயர், பக்கத் தையலில் துவைக்கும் முறை சொல்லும் இன்னொரு லேபிள். வாயில் நுழையாத வெளிநாட்டுப் பெயர்களைக்கூட ஒரு நூல் பிசகாமல் தைத்த கை அது.

குழந்தை பிறந்ததும் வேலையை விட்டார். பருத்தி கட்பீஸ் வாங்கி, வீட்டிலேயே ஜப்லாவும் கவுனும் தைத்து விற்க ஆரம்பித்தார். ஒரு விசேஷ வீட்டில், அவர் தைத்த கவுனைக் காட்டி யாரோ, "எங்க வாங்குனீங்க?" என்று கேட்டார்கள். "தெரிஞ்சவங்க யாரோ தைச்சுக் குடுத்தாங்க" என்று பதில் வந்தது. பக்கத்தில் நின்றிருந்த அவருக்கு அந்த 'யாரோ' உறுத்தியது.

துணியில் அடையாளம் வைப்பது நமக்குப் புதிதல்ல. சலவைத் தொழிலாளர்கள் சேங்கொட்டைச் சாற்றால் துணி ஓரத்தில் குறி போடுவார்கள். சுண்ணாம்பு சேர்த்தால் கறுத்துப் பிடித்துக்கொள்ளும். எத்தனை வெளுப்புக்கும் போகாது. ஆனால், அந்தக் குறி துணி யாருடையது என்று சொல்லுமே தவிர, தைத்தது யார் என்று சொல்லாது.

நெய்த லேபிள் செய்து தரும் கடைகளில் விசாரித்தார். மொத்தமாக எடுத்தால்தான் கட்டுப்படியாகும் என்றார்கள். மாதம் முப்பது உருப்படி தைப்பவருக்கு அது எதற்கு? நாமே செய்யலாம் என்று முடிவெடுத்தார்.

என்ன பெயர் போடுவது என்பதில்தான் வீட்டில் பேச்சு வந்தது. "உம்பேரு எதுக்கு கண்ணு? பேரன் பேரைப் போடு, ராசியா இருக்கும்" என்றார் மாமியார். கணவருக்கும் அதுதான் சரியாகப் பட்டது. "தைக்கிறது நான்தானுங்க அத்தை" என்று மட்டும் சொன்னார் அவர். மூன்றெழுத்துப் பெயர். அதையே ரப்பர் ஸ்டாம்ப் செய்யக் கொடுத்தார்.

சாதாரண ஸ்டாம்ப் பேடு மை முதல் துவைப்பிலேயே ஓடிப்போனது. பிறகு, ஃபேப்ரிக் பெயின்ட்டை ஸ்பாஞ்சில் தொட்டு, ஸ்டாம்ப் மேல் மெலிதாக ஒற்றி, முக்கால் இஞ்ச் பருத்தி நாடாவில் பதித்தார். ஒரு நாள் முழுக்கக் காயவிட்டு, திருப்பிப் போட்டு அயர்ன் செய்ததும் நிறம் பிடித்தது. நாடாவை முதலிலேயே நனைத்துக் காயவைத்துவிட வேண்டும். இல்லையென்றால் பின்னால் சுருங்கி, சட்டையையும் சேர்த்து இழுக்கும். ஸ்டாம்ப்பையும் உடனே கழுவிவிட வேண்டும். பெயின்ட் காய்ந்தால் எழுத்து அடைத்துக்கொள்ளும்.

டிரான்ஸ்ஃபர் பேப்பரிலும் முயன்றார். பிரின்ட் எடுக்கும்போது எழுத்தைக் கண்ணாடியில் தெரிவதுபோலத் திருப்பிப் போட வேண்டும். நீராவி இல்லாத அயர்ன் பாக்ஸால் அழுத்த வேண்டும். மூலைகளை வளைவாக வெட்டினால் சீக்கிரம் உரிந்து வராது. எழுத்து பளிச்சென்று இருந்தாலும் தொட்டால் பிளாஸ்டிக் மாதிரி இருந்தது. குழந்தைத் துணிக்கு வேண்டாம் என்று ஒதுக்கிவிட்டார்.

சாட்டின் ரிப்பனும் அப்படித்தான். ஓரம் பிரியாமலிருக்க மெழுகுவத்தியில் காட்டினால், உருகிக் கெட்டியாகி முள் மாதிரி குத்துகிறது. பிஞ்சுக் கழுத்து தாங்காது. நாடாவை இரண்டு இஞ்ச் நீளத்துக்கு வெட்டி, இரண்டாக மடித்து, சட்டையின் வெளிப்பக்கம் தெரிகிற மாதிரி பக்கத் தையலுக்குள் வைத்தார். பிசிறு முனைகள் தையலுக்குள் போய்விடும். உடம்பில் எதுவும் உரசாது.

முன்பக்கம் பெயர், பின்பக்கம் போன் நம்பர். 'சுத்தமான பருத்தி' என்று போடவும் ஆசைதான். கட்பீஸ் துணியை எப்படி நம்புவது? ஒரு நூலை உருவிக் கொளுத்திப் பார்த்தார். பருத்தி என்றால் காகிதம் எரிந்த வாசனையும் மிருதுவான சாம்பலும் வரும்; பாலியஸ்டர் கலந்திருந்தால் உருகிக் கெட்டியாகும். சில துணிகளில் உருண்டை தட்டுப்பட்டது. அந்தத் துணிகளுக்கு 'பருத்தி' என்று போடவில்லை.

லேபிளைப் பார்த்து வந்த முதல் போன், ஆர்டர் கேட்டு அல்ல. "அக்கா, பட்டன் கழண்டு வந்துருச்சு. நல்லவேளை, பாப்பா வாயில போடுறதுக்குள்ள பாத்துட்டேன்" என்றார் ஒரு தாய். அவருக்குக் கை நடுங்கிவிட்டது. அதே வாரம் தைத்த சட்டைகள் யார் யாரிடம் போயின என்று நோட்டைப் பார்த்து, ஒவ்வொருவருக்கும் போன் செய்தார். ஒன்பது சட்டைகளைத் திரும்ப வாங்கி, பட்டன்களைப் பிரித்துவிட்டு நாடா முடிச்சு வைத்துக் கொடுத்தார்.

"பேரு போடாம இருந்தா இந்த வம்பு வந்திருக்குமா?" என்றார் மாமியார்.

"பேரு இல்லீன்னா அவங்க யாரைக் கூப்பிட்டிருப்பாங்க அத்தை? மத்த எட்டுச் சட்டையும் அப்படியேதானே இருந்திருக்கும்" என்றார் அவர்.

மாமியார் அதற்குப் பதில் சொல்லவில்லை. இப்போதெல்லாம் மத்தியான நேரத்தில், நாடாவை இரண்டு இஞ்ச் அளவுக்கு வெட்டிக் கொடுப்பது அவர்தான்.