சிறந்த வீரர் யார்?

கொல்கத்தாவில் பேச்சு ஓய்வதில்லை. தேநீர்க் கடை வாசலிலும், மீன் சந்தையிலும், டிராம் வண்டியிலும் மக்கள் ஏதேனும் ஒன்றைப் பற்றி வாதிட்டுக்கொண்டே இருப்பர். இவ்வாறு கூடிப் பேசுவதை வங்காளிகள் 'அட்டா' என்று அழைக்கின்றனர். அட்டாவில் அரசியலுக்கு இணையான இடம் கால்பந்துக்கு உண்டு. பணி மாற்றலாகி இந்நகருக்கு வந்த புதிதில், அறுபது ஆண்டுகளுக்கு முன் ஆடிய வீரர்களைப் பற்றி, நேற்று நடந்த ஆட்டத்தைப் போல் முதியவர்கள் பேசுவதைக் கேட்டு நான் வியந்ததுண்டு.

அவர்களது பேச்சில் அடிக்கடி இடம்பெறும் அணி, 1962-ஆம் ஆண்டு ஜகார்த்தாவில் நடந்த ஆசிய விளையாட்டுப் போட்டியில் தங்கப் பதக்கம் வென்ற இந்தியக் கால்பந்து அணி. பயிற்சியாளர், ஐதராபாத்தைச் சேர்ந்த சையது அப்துல் ரஹீம். அணித்தலைவர், சுனி கோஸ்வாமி. முதல் ஆட்டத்தில் தென்கொரியாவிடம் 0-2 என்று தோற்ற அந்த அணி, அடுத்து தாய்லாந்தையும் ஜப்பானையும் வென்றது. அரையிறுதியில் தென்வியட்நாமை 3-2 என்று வீழ்த்தியது. செப்டம்பர் 4 அன்று நடந்த இறுதி ஆட்டத்தில் அதே தென்கொரியாவை 2-1 என்று வென்றது. இஸ்ரேலும் தைவானும் போட்டியில் சேர்க்கப்படாததை இந்திய அதிகாரி ஒருவர் கண்டித்திருந்தமையால், அரங்கில் கூடியிருந்தோர் நம் அணிக்கு எதிராக முழக்கமிட்டனர். அந்த முழக்கத்தின் நடுவில்தான் நம் வீரர்கள் ஆடினர். அடுத்த ஆண்டே ரஹீம் புற்றுநோயால் மறைந்தார்.

அவரது வாழ்வைக் கூறும் 'மைதான்' என்னும் இந்தித் திரைப்படம் 2024-இல் வெளிவந்தது. அதைப் பார்த்துவிட்டு வந்த என் மாணவர்கள், "அந்த அணியில் யார் சிறந்த வீரர், ஐயா?" என்று கேட்டனர். விடையை நான் கூறவில்லை. மாறாக, தமிழ் வகுப்பில் ஒரு பட்டிமன்றம் நடத்தலாம் என்றேன். "1960-களின் இந்திய அணியில் சிறந்த வீரர் யார்?" என்பது தலைப்பு.

விதிகள் இரண்டே. ஒன்று, தத்தம் வீரர் எந்த அளவுகோலால் சிறந்தவர் என்பதை முதலில் கூறிவிட வேண்டும். மற்றொன்று, எதிரணியின் வலிமையான கருத்தை எடுத்துரைத்த பின்னரே அதற்கு மறுப்புக் கூற வேண்டும். தேர்ந்தெடுக்கப்பட்டோர் நால்வர். 1961 முதல் 1964 வரை, ஆண்டுக்கு ஒருவராகக் கால்பந்துக்கான அர்ஜுனா விருதைப் பெற்றவர்களும் இந்நால்வரே.

முதலில் பேசிய அணி பி.கே. பானர்ஜியை முன்வைத்தது. "வேண்டிய நேரத்தில் கோல் அடிப்பவரே சிறந்தவர்" என்பது அவர்களது அளவுகோல். 1960-ஆம் ஆண்டு ரோம் ஒலிம்பிக்கில் அணித்தலைவராக இருந்து, பிரான்சுக்கு எதிராக அவர் அடித்த கோலால் ஆட்டம் 1-1 என்று சமநிலையில் முடிந்தது. ஜகார்த்தா இறுதி ஆட்டத்தின் முதல் கோலும் அவருடையதே. பெரிய சங்கங்களில் சேராமல், கிழக்கு இரயில்வே அணிக்கே ஆடி, 1958-இல் அதற்குக் கல்கத்தா லீக் பட்டத்தையும் பெற்றுத் தந்தார்.

இரண்டாம் அணி சுனி கோஸ்வாமியின் பக்கம் நின்றது. "பந்தைக் கையாளும் திறனும் அணியை நடத்தும் பண்பும் ஒருங்கே அமைந்தவரே சிறந்தவர்" என்றனர். வாழ்நாள் முழுவதும் மோகன் பகான் என்னும் ஒரே சங்கத்துக்கு ஆடியவர் அவர். தங்கம் வென்ற அணிக்கும், 1964-இல் ஆசியக் கோப்பையில் இரண்டாம் இடம் பெற்ற அணிக்கும் அவரே தலைவர். கால்பந்திலிருந்து ஓய்வு பெற்ற பின் வங்காளக் கிரிக்கெட் அணிக்குத் தலைமையேற்று, ரஞ்சிக் கோப்பை இறுதி ஆட்டம் வரை அழைத்துச் சென்றார்.

மூன்றாம் அணி துளசிதாஸ் பலராமை முன்மொழிந்தது. செகந்தராபாத்தை அடுத்த அம்முகுடாவில் தமிழ்ப் பெற்றோருக்குப் பிறந்தவர் அவர் என்றதும் வகுப்பில் கைதட்டல் எழுந்தது. "ஊர்ப்பற்று சான்றாகாது" என்று நான் குறுக்கிட்டேன். அவர்கள் அதற்கும் ஆயத்தமாகவே வந்திருந்தனர். ரோம் ஒலிம்பிக்கில் ஹங்கேரிக்கு எதிராகவும் பெரு நாட்டுக்கு எதிராகவும் கோல் அடித்தவர் பலராம். தாம் கோல் அடிப்பதோடு பிறருக்கும் வாய்ப்பை உருவாக்கித் தருபவரே முழுமையான வீரர் என்பது அவர்களது வாதம்.

நான்காம் அணி ஜர்னைல் சிங்குக்காகப் பேசியது. அவர் தடுப்பாட்டக்காரர், நாட்டுப் பிரிவினையின்போது சிறுவனாக எல்லை கடந்து வந்தவர். தாய்லாந்துக்கு எதிரான ஆட்டத்தில் அவரது தலையில் அடிபட்டுத் தையல் போடப்பட்டது. அதன் பின்னும் ரஹீம் அவரை முன்களத்தில் நிறுத்தினார். அரையிறுதியில் ஒரு கோல், இறுதியில் ஒரு கோல் என இரண்டு ஆட்டங்களிலும் அவர் கோல் அடித்தார்.

வாதம் சூடேறியது பலராமைப் பற்றித்தான். நுரையீரல் சார்ந்த நோயால் 1963-லேயே, முப்பது வயதை எட்டும் முன்பே, அவரது ஆட்டம் முடிந்துவிட்டது. "பத்தாண்டின் சிறந்த வீரர் என்று கேட்கிறோம். நான்காம் ஆண்டில் நின்றுவிட்டவரை எப்படி ஏற்பது?" என்று எதிரணி வினவியது. வலிமையான கேள்வி. மூன்றாம் அணி சற்றே தடுமாறியது. அப்போது, அந்த ஆண்டு வேறொரு மாநிலத்திலிருந்து வந்து சேர்ந்த மாணவி ஒருத்தி எழுந்தாள். தமிழில் பேசத் தயங்குபவள். "நோய் வந்தது அவருடைய குற்றமா, ஐயா? சுனி கோஸ்வாமியும் 1964-உடன் நாட்டுக்காக ஆடுவதை நிறுத்திவிட்டாரே! அவர் பத்தாண்டும் ஆடினாரா?" என்றாள்.

வகுப்பு அமைதியானது. 'எத்தனை ஆண்டு ஆடினார்' என்பது ஒரு கேள்வி. 'ஆடிய காலத்தில் எவ்வளவு சிறப்பாக ஆடினார்' என்பது வேறொரு கேள்வி. இரண்டையும் ஒன்றெனக் கருதி அதுவரை எல்லாரும் பேசிவந்தனர் என்பதை அந்த மாணவியின் கேள்வி காட்டிவிட்டது. பானர்ஜிக்கும் கோஸ்வாமிக்கும் பிற்காலத்தில் பத்மஸ்ரீ விருது கிடைத்தது, பலராமுக்குக் கிடைக்கவில்லை. நம் நினைவிலும் நெடுநாள் ஆடியவர்களே நிலைக்கின்றனர். பலராம் தம் இறுதிக் காலத்தைக் கழித்த உத்தர்பாரா, கொல்கத்தாவிலிருந்து ஹூக்ளி ஆற்றைக் கடந்தால் வந்துவிடும் ஊர். 2023-இல் அவர் மறையும்வரை, அவர் இத்துணை அருகில் வாழ்ந்ததை எங்கள் மாணவர்களில் ஒருவர்கூட அறிந்திருக்கவில்லை.

இன்னொரு மாணவன், "கோலை மட்டும் எண்ணினால் கோல் விழாமல் காத்தவரை யார் எண்ணுவது?" என்று கேட்டான். பீட்டர் தங்கராஜைத்தான் அவன் நினைத்தான். குன்னூரை அடுத்த வெலிங்டனில் உள்ள மதராஸ் ரெஜிமெண்டல் சென்டர் அணிக்கு ஆடி டூரண்ட் கோப்பையை வென்ற கோல்கீப்பர் அவர். உடல்நலக் குறைவால் முந்தைய ஆட்டங்களில் ஆடாதிருந்து, இறுதி ஆட்டத்தில் களமிறங்கினார். நால்வர் பட்டியலில் அவர் பெயரே இல்லை. எந்தப் பட்டியலும் சிலரை வெளியே நிறுத்தியே உருவாகிறது.

நடுவர் தீர்ப்புக் கூறாமல் பட்டிமன்றம் முடியாது. முழுமையான திறன் அளவுகோலானால் பலராம். நெடுநாள் பங்களிப்பு அளவுகோலானால் பானர்ஜி. தலைமைப் பண்பு அளவுகோலானால் கோஸ்வாமி. ஆயினும் என் தீர்ப்பு ஜர்னைல் சிங்குக்கே என்றேன். தமக்குப் பழகிய இடத்தில் சிறந்து விளங்குவோர் பலர். அணிக்குத் தேவை என்றவுடன், காயத்தோடு, தமக்குரியதல்லாத இடத்தில் நின்று அதையும் தம் கடமையாக ஏற்றவர் அவர். பெற்றோரின் பணி மாற்றத்தால் ஊர் ஊராகப் பள்ளி மாறும் பிள்ளைகளுக்கு இதை விரித்துரைக்க வேண்டியிருக்கவில்லை. மூன்றாம் அணியினர் மட்டும் தீர்ப்பை ஏற்கவில்லை. அளவுகோலைச் சொல்லி மறுத்தனர்; அதனால் நான் மகிழ்ந்தேன்.

மறுநாளுக்கு ஒரு வீட்டுப்பாடம் கொடுத்தேன். ஒவ்வொருவரும் தாம் எதிர்த்துப் பேசிய வீரர் ஒருவருக்கு ஆதரவாக அரைப் பக்கம் எழுதி வரவேண்டும். பலராமுக்காக எழுந்து நின்ற மாணவி, சுனி கோஸ்வாமியைப் பற்றி ஒரு முழுப் பக்கம் எழுதியிருந்தாள்.

பயிற்சி

1. பட்டிமன்றத்திற்கு ஆசிரியர் வகுத்த இரண்டு விதிகள் யாவை? அவற்றால் விளையும் நன்மை என்ன?
2. "ஊர்ப்பற்று சான்றாகாது" என்று ஆசிரியர் கூறியது ஏன்?
3. மாணவியின் கேள்வி வாதத்தின் போக்கை எவ்வாறு மாற்றியது?
4. ஆசிரியரின் தீர்ப்பை நீங்கள் ஏற்கிறீர்களா? உங்கள் அளவுகோலை முதலில் குறிப்பிட்டுப் பத்து வரிகளில் எழுதுக.