மேட்டிலிருந்து தெரியாத ஊர்

பழவேற்காட்டுப் பக்கத்து மனிதர்களுக்கு ஏரியை மேலிருந்து பார்க்கும் வழக்கம் கிடையாது. ஏறி நிற்க மேடும் கிடையாது. கலங்கரை விளக்கத்தையும் பாலத்தையும் விட்டால், மீஞ்சூரிலிருந்து வடக்கே ஆந்திர எல்லை வரை எல்லாம் ஒரே மட்டம்: வயல், உப்பளம், சவுக்குத் தோப்பு, மணல், தண்ணீர். எங்கள் ஆட்கள் ஏரியைக் காலால் அறிந்தவர்கள். இடுப்பளவுத் தண்ணீரில் நிற்கும் என் தாய்மாமன், பாதத்துக்கு அடியில் இருப்பது சேறா, மணலா, கிளிஞ்சலா என்பதை வைத்தே தான் நிற்கும் இடத்தைச் சொல்லிவிடுவார். இருளர் பெண்கள் பறியைப் பல்லில் கவ்விக்கொண்டு, ஆழமில்லாத நீரில் தவழ்ந்தபடி, சேற்றைக் கையால் தடவி இறால் பிடிப்பதைப் பார்த்து வளர்ந்தவள் நான்.

இப்போது என் வீடு லாஸ் வேகஸின் புறநகரில். மேற்கே இரண்டு மணி நேரம் கார் ஓட்டினால் டெத் வேலி தேசியப் பூங்கா வந்துவிடும். 34 லட்சம் ஏக்கர். நம் திருவள்ளூர் மாவட்டத்தைப் போல ஏறக்குறைய நான்கு மடங்கு. 1913 ஜூலை 10 அன்று இங்கே ஃபர்னஸ் கிரீக்கில் பதிவான 56.7 டிகிரி செல்சியஸ்தான் உலகில் இதுவரை பதிவான மிக உயர்ந்த காற்று வெப்பம் என்று இன்றும் ஏட்டில் இருக்கிறது. ஊரிலிருந்து யார் வந்தாலும் இங்கே அழைத்துக்கொண்டு போவது எங்கள் வீட்டு வழக்கமாகிவிட்டது. வருகிறவர்கள் குளிர்காலத்தில் வந்தால் எனக்குக் கூடுதல் சந்தோஷம். கோடையில் வந்தால் மலைமேல் மட்டும் காட்டிவிட்டுத் திருப்பி அழைத்து வந்துவிடுவேன்.

இந்தப் பூங்காவை எல்லோரும் பார்ப்பது காட்சிமுனைகளிலிருந்துதான். சாலை மேடேறிப் போய் ஓரிடத்தில் முடியும். கார் நிறுத்த இடம், தடுப்புச் சுவர், ஒரு விளக்கப் பலகை. இறங்கி நின்று பார்த்துவிட்டு அடுத்த முனைக்குப் போகலாம். இவற்றில் தலையானது டான்டேஸ் வியூ. கடல் மட்டத்திலிருந்து 5,475 அடி உயரம். விளிம்பில் நின்றால் காலடியில் நேர்கீழே பேட்வாட்டர் என்னும் உப்புத் தரை. அது கடல் மட்டத்துக்கு 282 அடி கீழே. வட அமெரிக்காவிலேயே தாழ்ந்த இடம் அதுதான். எதிரே பானமின்ட் மலைத்தொடர், அதன் உச்சியான டெலஸ்கோப் சிகரம் 11,049 அடி. காற்றில் தூசி இல்லாத நாளில் அதற்கும் அப்பால் விட்னி மலை தெரியும். அலாஸ்காவை நீக்கிவிட்டுப் பார்த்தால் இந்த நாட்டின் ஆக உயர்ந்த இடமும் ஆகத் தாழ்ந்த இடமும் ஒரே பார்வைக்குள். கீழே கைவிசிறி தேடும் வெயில் அடிக்கும்போது மேலே சால்வை வேண்டியிருக்கும்.

இந்த இடங்களை நான் மனதார நேசிக்கிறேன். சமதரையில் பிறந்தவளுக்கு மண் எப்படி உண்டாகிறது என்று சொல்லிக்கொடுத்தவை இவை. ஸாப்ரிஸ்கி முனையில் விடியற்காலை நின்றால், லட்சக்கணக்கான ஆண்டுகளுக்கு முன் ஓர் ஏரியின் அடியில் படிந்த களிமண் மடிப்பு மடிப்பாக மஞ்சளிலும் பழுப்பிலும் எழுந்து நிற்பதைப் பார்க்கலாம். ஏரி போய்விட்டது, அதன் வண்டல் மட்டும் மலையாகிவிட்டது. எங்கள் ஏரியும் வண்டலால் மேடாகிக்கொண்டே வருவது தெரிந்த எனக்கு அந்த இடத்தைவிட்டுச் சீக்கிரம் நகர முடிந்ததில்லை.

ஆனால் அங்கே நிற்கும்போதெல்லாம் ஒன்று உறுத்தும். இங்குள்ள இடங்களின் பெயர்களை எடுத்துக்கொள்ளுங்கள். ஸாப்ரிஸ்கி என்பவர் பசிபிக் கோஸ்ட் போராக்ஸ் நிறுவனத்தின் நிர்வாகி. டான்டே இத்தாலியக் கவிஞர். 1926-ல் அதே நிறுவனத்துக்காரர்கள் சுற்றுலாப் பயணிகளுக்குக் காட்ட நல்லதொரு மேடு தேடி அலைந்தபோது கிடைத்த இடத்துக்கு வைத்த பெயர் அது. அடுத்த ஆண்டே ஃபர்னஸ் கிரீக்கில் அவர்களுடைய விடுதி திறந்தது. மான்லி, 1849-ல் தங்கம் தேடி இந்த வழியே வந்து சிக்கிக்கொண்ட கூட்டத்தில் ஒருவர். நடந்தே வெளியேறி, உணவு கொண்டுவந்து, சிக்கியவர்களை மீட்டவர். அகெரெபெரி, பாஸ்க் நாட்டிலிருந்து வந்து சுரங்கம் தோண்டியவர்; தனக்குப் பிடித்த காட்சியைப் பிறருக்குக் காட்ட மலைமேல் தானே சாலை போட்டவர். இந்தக் கடைசி மனிதர்மேல் எனக்குத் தனி மதிப்பு உண்டு. என்றாலும் எல்லாமே வந்தவர்களின் பெயர்கள்தான். ஏற்கனவே இருந்தவர்கள் எங்கே?

அவர்கள் இருக்கிறார்கள். டான்டேஸ் வியூவிலிருந்து வடக்கே கூர்ந்து பார்த்தால் வெளுத்த தரையின் ஓரத்தில் கரும்பச்சையாகச் சிறு திட்டு ஒன்று தெரியும். அதுதான் ஃபர்னஸ் கிரீக். பக்கத்தில் நிற்பவர்கள் அதைக் காட்டி விடுதி என்பார்கள், பேரீச்சந்தோப்பு என்பார்கள், கோல்ஃப் மைதானம் என்பார்கள். அங்கேயே டிம்பிஷா ஷோஷோனி மக்களின் ஊரும் இருக்கிறது. குளிர்காலத்தில் பள்ளத்தாக்கின் தரையில் மெஸ்கீட் மரத்துக் காய்களைச் சேகரித்தும், கோடையில் மலையேறிப் பைன் கொட்டை பறித்தும், தலைமுறை தலைமுறையாக வாழ்ந்தவர்கள். பருவம் பார்த்துக் கடலுக்கும் ஏரிக்கும் மாறி மாறித் தொழிலுக்குப் போகும் குப்பத்தில் பிறந்தவர்களுக்கு இந்த வாழ்க்கையைப் புரிந்துகொள்ள விளக்கப் பலகை தேவையில்லை.

1933-ல் இந்த நிலத்தை அரசு எடுத்துக்கொண்டபோது அவர்களை யாரும் கேட்கவில்லை. 1936-ல் நாற்பது ஏக்கரில் மண்கட்டி வீடுகள் கட்டி அங்கே குடியேற்றினார்கள். பிறகு, கோடையில் மலைக்குப் போன குடும்பங்களின் காலி வீடுகளைத் தண்ணீர்க் குழாய் வைத்துப் பீய்ச்சிக் கரைத்தார்கள். மண் வீடு, கரைந்து போயிற்று. ஆனாலும் சில குடும்பங்கள் நகரவில்லை. பாலின் எஸ்டீவ்ஸ் போன்ற மூத்த பெண்கள் முன்னின்று போராடினார்கள். 1983-ல் தனிப் பழங்குடி என்ற அங்கீகாரம் கிடைத்தது. 2000-ஆம் ஆண்டில் தாயகச் சட்டம் நிறைவேறி, சுமார் 7,700 ஏக்கர் திரும்ப வந்தது. அதில் முந்நூறு ஏக்கருக்குச் சற்று அதிகமாக, பூங்காவின் நடு இடமான ஃபர்னஸ் கிரீக்கிலேயே. எடுத்துக்கொண்ட மண்ணைத் திருப்பிக் கொடுக்கச் சட்டத்தில் வழி உண்டு என்பதை நான் முதலில் தெரிந்துகொண்டது இந்த ஊரை வைத்துத்தான்.

எங்கள் பக்கம் அப்படி எதுவும் நடக்கவில்லை. ஏரிக்கும் கடலுக்கும் நடுவே நீண்டு கிடக்கும் ஸ்ரீஹரிகோட்டா தீவை 1969-ல் ராக்கெட் ஏவுதளத்துக்குத் தேர்ந்தெடுத்தார்கள். 1971-ல் முதல் ராக்கெட் கிளம்பியது. தீவில் காட்டை நம்பியிருந்த யானாதிகளும் கரையோர மீனவர்களும் வெளியேற வேண்டியிருந்தது. ராக்கெட் மேலேறும்போது என் நெஞ்சும் கூடவே ஏறும், அதில் சந்தேகமில்லை. ஏவும் நாளில் அதைப் பார்க்கப் பழவேற்காட்டுக் கரையில் கூட்டம் கூடும். அன்றைக்கு அந்தப் பக்கத்துக் கடலில் மீன்பிடிக்கத் தடை. வேடிக்கை பார்க்க வந்தவர்களில் எத்தனை பேருக்கு, எதிரே தெரியும் தீவில் ஒரு காலத்தில் குடியிருப்புகள் இருந்தன என்று தெரியும்? தெற்கே காட்டுப்பள்ளித் துறைமுகத்தைச் சுமார் 330 ஏக்கரிலிருந்து 6,000 ஏக்கருக்கு மேல் விரிவாக்கும் திட்டம் வந்தபோதும் வரைபடத்தில் அந்த இடம் மணலும் தண்ணீருமாகத்தான் இருந்தது. மீனவர்களின் எதிர்ப்பில் பொதுக் கருத்துக்கேட்புக் கூட்டங்கள் தள்ளிப்போயின. மேலிருந்து பார்க்கிறவருக்கு நிலம் காலியாகத் தெரிகிறது. காலியாகத் தெரிகிற நிலத்துக்குத் திட்டம் போடுவது சுலபம்.

அதனால் குளிர்காலத்தில் யாரை அழைத்துப் போனாலும் மேட்டோடு நிறுத்துவதில்லை. கீழே இறக்கிவிடுவேன். பேட்வாட்டரில் காரை நிறுத்தி இறங்கியதும் திரும்பிப் பார்க்கச் சொல்வேன். பின்னால் நிற்கும் பாறை முகட்டில், தலைக்கு வெகு உயரத்தில், ‘கடல் மட்டம்’ என்று வெள்ளைப் பலகை வைத்திருக்கிறார்கள். கடலோரத்தில் பிறந்தவர்களுக்கு அந்தப் பலகையைப் பார்த்ததும் அடிவயிறு ஒருமுறை கலங்கும். பிறகு உப்பின் மேல் நடை. கூட்டம் நடந்து இறுகிய பாதையைத் தாண்டிப் போனால், அறுகோணமும் ஐங்கோணமுமாகப் பாத்தி கட்டின உப்பு. ஓரங்கள் ஓர் அங்குலம் இரண்டு அங்குலம் எழும்பி நிற்கும். கால் வைத்தால் பொரித்த அப்பளம் மாதிரி நொறுங்கும். குனிந்து விரலால் தொட்டு நாக்கில் வைத்தால் அத்திப்பட்டு உப்பளத்து உப்பின் அதே சுவை, கடைசியில் மட்டும் லேசான கசப்பு. எங்கள் ஊரில் வரப்பு வெட்டி, நீர் பாய்ச்சி, மிதித்து, மனிதர்கள் செய்கிற வேலையை இங்கே மழையும் வெயிலும் செய்துவிடுகின்றன.

2023 ஆகஸ்ட் 20 அன்று, ஹிலரி புயலின் மிச்சம் இந்தப் பள்ளத்தாக்கின் மேல் வந்து நின்றது. ஆண்டு முழுக்கவே சுமார் இரண்டு அங்குல மழை பெய்யும் இடத்தில் ஒரே நாளில் 2.2 அங்குலம். சாலைகள் அறுந்து, பூங்காவை இரண்டு மாதம் மூடிவிட்டார்கள். திறந்தபோது பேட்வாட்டரில் ஏரி நின்றது. பனியுகத்தில் இந்தப் பள்ளத்தாக்கை நிறைத்திருந்த பேரேரிக்கு மான்லி ஏரி என்று பெயர். அதே பெயரில் இதையும் அழைத்தார்கள். 2024 பிப்ரவரியில் இன்னொரு பெருமழை சேர்ந்தது. ஆறு மைல் நீளம், மூன்று மைல் அகலம், ஆழம் ஓர் அடி. ஜனங்கள் சிறு துடுப்புப் படகுகளைக் காரின் தலையில் கட்டிக்கொண்டு வந்தார்கள். டான்டேஸ் வியூவிலிருந்து பார்த்தபோது உப்பு வெளுப்புக்கு நடுவே வானத்தின் நிறத்தில் தண்ணீர் விரிந்து கிடந்தது. பூநாரை வந்து இறங்காததுதான் குறை. மற்றபடி தை மாதத்துப் பழவேற்காடுதான்.

மார்ச் முதல் வாரத்தில் ஒரு செய்தி வந்தது. மணிக்கு நாற்பது மைல் வேகக் காற்று அந்த ஏரியை இரண்டு மைல் வடக்கே தள்ளிவிட்டதாம். பூங்கா அதிகாரிகள் படகு விடுவதையும் நிறுத்திவிட்டார்கள். அலுவலகத்தில் எல்லோரும் இதை அதிசயமாகப் பேசினார்கள். அன்றிரவு மாமாவுக்குப் போன் போட்டுச் சொன்னேன். அவர் அதிசயப்படவில்லை.

“எந்தாண்ட காத்து பாப்பா?” என்றார்.

“தெக்கால இருந்து மாமா.”

“ஆழம் எவ்ளோன்ன?”

“ஒரு அடி.”

“அப்ப போவாம இன்னா பண்ணும்? வடக்குக் கரையில ஏறியிருக்கும். காத்து வுட்டா கொஞ்சம் திரும்பி வரும், பூராவும் வராது. பரவின தண்ணி சீக்கிரம் சுண்டிடும்.”

சில நாள் கழித்து அப்படியேதான் நடந்தது. காற்று தணிந்ததும் தண்ணீரில் ஒரு பகுதி திரும்பியது. பரவிய இடத்தில் ஆழம் சில அங்குலமாகக் குறைந்து, கோடைக்குள் வற்றியது. டெத் வேலியைப் படத்தில்கூடச் சரியாகப் பார்க்காத மனிதர், எங்கள் ஏரியில் வாடைக் காற்றும் தெற்குக் காற்றும் தண்ணீரை எப்படித் தள்ளும் என்று தெரிந்த பழக்கத்தில் சொன்னது அது.

மாமாவுக்கு இங்கே காட்ட ஆசைப்படும் இடம் இன்னொன்று உண்டு: சால்ட் கிரீக். பாலைவனத்தின் நடுவே ஓடும் உப்பு ஓடை. அதில் பப்ஃபிஷ் என்ற மீன் வாழ்கிறது, நீளம் பெரும்பாலும் இரண்டு அங்குலத்துக்கும் குறைவு. பேரேரி வற்றிச் சுருங்கியபோது இந்த ஓடையில் தங்கிவிட்ட மீனின் வம்சம். வேறெந்த ஓடையிலும் இயற்கையாகக் கிடையாது. பிப்ரவரி, மார்ச்சில் ஆண் மீன் நீலமாக மின்னும். கணுக்கால் ஆழ நீரில், தன் இடத்துக்குள் வருகிற மற்ற ஆண்களை அது விரட்டி விரட்டி அடிப்பதைக் குனிந்து பார்த்துக்கொண்டே இருக்கலாம். மழைத் தண்ணீர் வந்து கலந்தாலும் சரி, வெயிலில் சுண்டிக் கடலைவிடக் கரித்தாலும் சரி, தாக்குப்பிடித்துக்கொள்கிறது. மழைக்காலத்தில் நன்னீரும் கோடையில் கடும் உப்புமாக மாறும் ஏரியில் மடவையையும் இறாலையும் பிடித்துப் பிழைக்கிறவருக்கு இந்த மீனைப் பார்த்தால் பேச நிறைய இருக்கும்.

சென்ற பொங்கலுக்குப் பேசும்போது மாமாவிடம் ஒன்று கேட்டேன். நாளைக்குப் பழவேற்காட்டிலும் இதுபோல ஒரு காட்சிமேடை கட்டுகிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள், அங்கே பலகையில் என்ன எழுத வேண்டும்? டச்சுக்காரர்கள் 1613-ல் கட்டிய கெல்டிரியா கோட்டையையும் அவர்களுடைய கல்லறைத் தோட்டத்தையும் யாராவது எழுதிவிடுவார்கள், அதை விட்டுவிட்டுச் சொல்லுங்கள் என்றேன். அவர் யோசிக்கவே இல்லை. கோட்டைக்குப்பம், ஆண்டிக்குப்பம், நடுவூர் மாதாகுப்பம் என்று ‘பாடு’ என்னும் மீன்பிடி முறையில் உரிமை உள்ள ஊர்களைச் சொன்னார். இன்றைக்கு யாருடைய பாடு, எந்த இடத்தில் வலை என்று முறை வைத்துப் பிரித்துக்கொள்வதை எழுதச் சொன்னார். கையால் இறால் தடவுகிற இருளர்கள் பெயரும் வர வேண்டும் என்றார். ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து எழுந்து வந்த ஊர்க்காரர்களையும் விடக்கூடாது என்றார். நான் எழுதிக்கொண்டே வந்தேன். போனை வைக்கப் போன சமயத்தில் மறுபடி கூப்பிட்டார்.

“பாப்பா, இன்னொன்னு. முகத்துவாரம் தெறந்திருக்கா அடைச்சிருக்கான்னு தெனம் எழுதிப் போடச் சொல்லு. அது அடைச்சுப் போனா தண்ணியும் வராது, இறாலும் வராது. பாக்க வர்றவங்க மொதல்ல தெரிஞ்சிக்க வேண்டியது அதான்.”