உருகிய கம்பி உரைத்த பாடம்

குழந்தைகளின் ஆர்வத்தைத் தடுப்பது எளிது. அதற்கு வழிகாட்டுவது அரிது. இவ்விரண்டிற்கும் உள்ள வேற்றுமையை நாம் சிறுவயதில் மின்சாரத்தின் வாயிலாகவே அறிந்தோம்.

தேய்ந்த பேட்டரிக் கட்டைகளும், டார்ச் பல்பும், செம்புக் கம்பியுமே அந்நாளைய நம் விளையாட்டுப் பொருள்கள். ஒரு கட்டைக்கு 1.5 வோல்ட்; இரண்டை அடுக்கினால் 3 வோல்ட்; கட்டை கூடக்கூட ஒளியும் கூடும். இக்கணக்கைக் கண்டுகொண்ட தோழர்களுள் மூத்தவன், சுவரிலுள்ள பிளக்கிலிருந்து எடுத்தால் ஒளி எவ்வளவு பெருகும் என்று எண்ணலானான். வீட்டு மின்சாரம் 230 வோல்ட் என்பதை அவன் அறியான். பெரியோர் வயலுக்குச் சென்றிருந்த நண்பகலில் அதைச் செய்தும் பார்த்தான். பல்பு வெடித்துச் சிதறியது, மின்விசிறி நின்றது, அவன் விரல்நுனிகள் கரிந்தன. அருகில் நின்ற நாம் பேச்சற்றுப் போனோம்.

மாலையில் அவன் தந்தை பிரம்பை எடுத்தார். ஃபியூஸ் போட வந்த வயரிங் தொழிலாளி குறுக்கிட்டார்: "மாமா, அடிப்பது பிறகு ஆகட்டும். இதை முதலில் அவன் பார்க்கட்டும்." மெயின் சுவிட்சை அணைத்து, ஃபியூஸ் கட்டையைக் கழற்றி, உருகிய கம்பியைக் காட்டினார். "தம்பி, இது வீடு தீப்பற்றாமல் காக்கும், உன்னைக் காக்காது. 5 ஆம்பியருக்கு மேல் போனால்தான் இது உருகும். உன் உயிரைப் பறிக்க அதில் நூறில் ஒரு பங்கே போதும்."

பிரம்பு கீழே இறங்கியது. அடி கற்பித்திருக்கக் கூடியது அச்சத்தை மட்டுமே. அந்த விளக்கமோ அறிவைத் தந்தது.

இத்தகைய அறிவு சிறுவர்க்கு மட்டும் உரியதன்று. 1753-இல் செயின்ட் பீட்டர்ஸ்பர்க் நகரில் ரிக்மான் என்னும் அறிஞர், கூரையிலிருந்து வீட்டினுள் இறக்கிய உலோகக் கோலின் வழியே இடிமின்னலை அளக்க முனைந்து உயிர் துறந்தார். அக்கோல் தரையோடு இணைக்கப்படவில்லை. கற்றவரையும் மின்சாரம் விட்டுவைப்பதில்லை.

பெற்றோரே, பிள்ளைகள் பேட்டரிக் கட்டைகளோடு தாராளமாக விளையாடட்டும். சுவர் மின்சாரம் ஏன் வேறு என்பதையும் சொல்லிக் கொடுங்கள். 30 மில்லிஆம்பியர் கசிவிலேயே மின்னோட்டத்தைத் துண்டிக்கும் கருவி இன்று கிடைக்கிறது. ஃபியூஸ் செய்யாத காவலை அது செய்யும். அதனை வீட்டில் பொருத்துங்கள். எனினும் எக்கருவியும் விளக்கத்திற்கு ஈடாகாது. காரணம் அறியாத பிள்ளை, கண்காணிப்பு உள்ளவரையே கட்டளைக்குப் பணியும். காரணம் அறிந்த பிள்ளை தனித்திருக்கும்போதும் தன்னைக் காத்துக்கொள்ளும்.