பூலாம்பாடியில் முகம் போதும்... பெரம்பலூர் ரவுண்டானாவில் இண்டிகேட்டர் வேணும்!

பச்சைமலை அடிவாரத்தில் இருக்கிறது பூலாம்பாடி. பெரம்பலூர் மாவட்டம், வேப்பந்தட்டை தாலுகாவில் உள்ள பேரூராட்சி. காலை நேரத்தில் இங்கே கடைத்தெருவில் ஐந்து நிமிடம் நின்று பார்த்தால் ஒரு விஷயம் கண்ணில் படும். இண்டிகேட்டர் போட்டுத் திரும்புகிற வண்டிகள் ரொம்பக் குறைவு. அதனால் யாரும் யாரையும் திட்டுவதும் இல்லை.

காரணம் எளிது. பால் கேன் கட்டிய மொபெட் எந்தச் சந்தில் திரும்பும் என்பது எதிரே வருகிறவருக்கு முன்பே தெரியும். டிராக்டர் யாருடைய வயலுக்குப் போகிறது என்பதும் தெரியும். தெரியாவிட்டால், “என்ன மாமா, டவுனுக்கா?” என்று ஒரு கேள்வி. பதிலுக்கு ஒரு தலையசைப்பு. முடிந்தது. ஊருக்குள் முகம்தான் இண்டிகேட்டர்.

அதே வண்டி அரும்பாவூர், கிருஷ்ணாபுரம், வேப்பந்தட்டை, எசனை தாண்டி பெரம்பலூருக்குள் நுழையும்போதுதான் சிக்கல் ஆரம்பிக்கிறது. அங்கே பாலக்கரை ரவுண்டானாவில் யாருக்கும் யாருடைய முகமும் தெரியாது. கலெக்டர் ஆபீஸுக்கு மனு கொண்டு போகிறவர், பஸ் ஸ்டாண்டுக்கு விரைகிற பஸ், துறையூர் பக்கம் போகிற லாரி, காலேஜ் வேன் என எல்லோரும் ஒரே வட்டத்துக்குள். ஒருவர் எங்கே போகப் போகிறார் என்று மற்றவர் ஊகிக்க வேண்டும். ஊகம் தப்பினால் அடி.

கையால் பேசும் சாலை

நம் சாலைகளில் சிக்னல் மொழிக்குப் பஞ்சமே இல்லை. ஒரு விசில் என்றால் நிற்கணும், இரண்டு விசில் என்றால் கிளம்பணும். அது பஸ் மொழி. படியில் நிற்கும் கண்டக்டர் கையை வெளியே நீட்டி ஆட்டினால், ‘இந்தப் பக்கம் வராதே, திரும்புறோம்’ என்று அர்த்தம். பைக்கில் பின்னால் உட்கார்ந்திருக்கும் அக்காவின் கை பல நேரம் இண்டிகேட்டரை விட நம்பகமானது. “தம்பி, ஸ்டாண்டு!” என்ற குரல் எத்தனையோ உயிரைக் காப்பாற்றியிருக்கும்.

முன்பெல்லாம் பகலில் ஹெட்லைட் எரியும் பைக்கைப் பார்த்தால், விரல்களை விரித்து மூடிக் காட்டுவார்கள். ‘லைட் எரியுது, அணைச்சிடுங்க’ என்று பொருள். 2017 ஏப்ரல் முதல் புதிய இருசக்கர வண்டிகளில் ஹெட்லைட் எப்போதும் எரிந்துகொண்டே இருக்கும்படி செய்துவிட்டார்கள். அந்தச் சைகை இப்போது மெல்ல மறைந்து வருகிறது. இன்றும் சில பெரியவர்கள் அக்கறையோடு காட்டுகிறார்கள். ஓட்டுகிற இளைஞருக்குத்தான் அது என்னவென்று புரிவதில்லை!

கை சிக்னல் என்பது பழக்கம் மட்டும் இல்லை, விதியிலும் உண்டு. வலது கையை நேராக நீட்டினால் வலப்பக்கம் திரும்புகிறேன் என்று அர்த்தம். நீட்டிய கையைக் கடிகார முள்ளுக்கு எதிர்த்திசையில் சுற்றினால் இடப்பக்கம். உள்ளங்கையைக் கீழே பார்த்தபடி வைத்து மேலும் கீழும் ஆட்டினால் வேகத்தைக் குறைக்கிறேன். 1989-ல் வந்த சாலை விதிமுறைகளிலேயே இவை இருந்தன.

ஒரே சிக்னல், இரண்டு அர்த்தம்

ஆபத்து எங்கே வருகிறது? சிக்னல் இல்லாத இடத்தில் மட்டும் இல்லை. ஒரே சிக்னலுக்கு இரண்டு அர்த்தம் இருக்கும் இடத்திலும் வருகிறது.

நேராகப் போகிறோம் என்று சொல்ல, நான்கு இண்டிகேட்டரையும் போட்டுக்கொண்டு ரவுண்டானாவுக்குள் வருகிறவர்கள் நிறைய பேர். முன்னால் நிற்பவருக்கு இரண்டு பக்கமும் மின்னுவது தெரியலாம். இடது பக்கச் சாலையில் நிற்பவருக்கு அந்தக் காரின் இடது விளக்கு மட்டும்தான் தெரியும். ‘சரி, நம்ம ரோட்டுக்குள்ள திரும்புறார்’ என்று அவர் வண்டியை நகர்த்துவார். கார் நேராக வந்து மோதும். உண்மையில் அந்த விளக்கு, வண்டி பழுதாகி நிற்கும்போது மற்றவர்களை எச்சரிப்பதற்கானது.

அடுத்தது, லைட் அடித்துக் காட்டுவது. நம்மூரில் எதிரே வருகிறவர் ஹெட்லைட்டை மின்னி மின்னிக் காட்டினால், ‘நான் வர்றேன், நீ நில்லு’ என்று அர்த்தம். இங்கிலாந்தில் பல ஓட்டுநர்கள் அதே வெளிச்சத்தை, ‘நீங்க போங்க’ என்று சொல்லப் பயன்படுத்துகிறார்கள். வெளிநாட்டில் வண்டி ஓட்டிப் பழகி, விடுமுறைக்கு ஊர் வரும் பிள்ளைகள் கவனிக்க வேண்டிய இடம் இது.

மூன்றாவது, அணைக்க மறந்த இண்டிகேட்டர். காரில் ஸ்டியரிங் நேரானதும் அது தானாக அணைந்துவிடும். பெரும்பாலான பைக்குகளில் நாமேதான் அணைக்க வேண்டும். எசனையில் போட்டது பெரம்பலூர் வரை மினுக்கிக்கொண்டே வந்தால், அதை எவர் நம்புவார்?

யார் முதலில் போகணும்?

ரவுண்டானாவின் அடிப்படை விதி ஒரே வரிதான். ஏற்கெனவே உள்ளே சுற்றிக்கொண்டிருக்கும் வண்டிக்கு வழி விட்டு, பிறகு நுழைய வேண்டும். நாம் இடதுபுறம் ஓட்டுவதால் உள்ளே சுற்றும் வண்டி எப்போதும் நம் வலப்பக்கத்தில் இருந்துதான் வரும். ஆகவே வலப்பக்கம் பார்த்து நின்று நுழைந்தால் போதும். இங்கிலாந்தில் இந்த முறை 1966 நவம்பரில் விதியானது. அதற்கு முன்பு நுழைகிறவர்கள் முட்டி மோதி உள்ளே போனதில், ரவுண்டானா நிரம்பி அப்படியே பூட்டிக்கொண்டு நின்ற காலமும் உண்டு.

பாரிஸில் 12 சாலைகள் சேரும் ஆர்க் த ட்ரியோம்ப் வட்டத்தில் இது தலைகீழ். உள்ளே சுற்றுகிறவர்தான் புதிதாக நுழைகிறவருக்கு வழி விட வேண்டும். ஆக, விதி எது என்பதை விட, அது எல்லோருக்கும் ஒன்றுபோலத் தெரிந்திருப்பதுதான் முக்கியம்.

இவ்வளவு சிக்கல் இருந்தால் ரவுண்டானா எதற்கு என்று கேட்கலாம். சாதாரண நான்கு முனைச் சந்திப்பில் வண்டிகளின் பாதைகள் ஒன்றையொன்று சந்திக்கும் புள்ளிகள் 32. ஒற்றை வழி கொண்ட ரவுண்டானாவில் அது 8 ஆகக் குறைகிறது. நேருக்கு நேர் மோதல், குறுக்கே பாயும் மோதல் ஆகியவை பெருமளவு தவிர்க்கப்படும். வேகமும் தானாகக் குறையும். கோவையில் சமீப ஆண்டுகளில் லாலி ரோடு போன்ற சந்திப்புகளில் சிக்னலுக்குப் பதில் ரவுண்டானா அமைத்ததும் இந்த நம்பிக்கையில்தான்.

நினைவில் வைக்க நாலு விஷயம்

* இடப்பக்கம் திரும்ப: தூரத்திலேயே இடது இண்டிகேட்டர் போட்டு, இடது ஓரமாகவே நுழைந்து வெளியேறுங்கள்.
* நேராகப் போக: நுழையும்போது எந்த விளக்கும் வேண்டாம். நமக்கு முந்தைய சாலையைத் தாண்டியதும் இடது இண்டிகேட்டர் போட்டு வெளியேறுங்கள்.
* வலப்பக்கம் திரும்ப, யூ-டர்ன் அடிக்க: வலது இண்டிகேட்டரோடு உள்வட்டத்தை ஒட்டிச் சுற்றுங்கள். வெளியேறும் சாலைக்கு முந்தைய சாலையைத் தாண்டியதும் இடது இண்டிகேட்டருக்கு மாறி, இடப்பக்கம் பார்த்து, மெல்ல வெளியே வாருங்கள். ‘பக்கத்துலதானே’ என்று வட்டத்தைச் சுற்றாமல் எதிர்த்திசையில் போகவே கூடாது.
* லாரி, பஸ்ஸின் இடது ஓரத்தில் நுழையாதீர்கள்: நீளமான வண்டி இடப்பக்கம் திரும்பும்போது பின்சக்கரம் உள்வாங்கி வரும். ஓரத்தில் நிற்கும் இருசக்கர வண்டி டிரைவர் கண்ணுக்கே தெரியாமல் போகலாம்.

இதோடு நம்மூர் கையையும் சேர்த்துக்கொண்டால் தப்பில்லை. விளக்கு ஒன்று சொல்லி, கை வேறொன்று சொல்லாமல் இருந்தால் சரி.

சாயங்காலம் அதே மொபெட் டவுன் வேலை முடிந்து பூலாம்பாடி திரும்புகிறது. கடைத்தெருவில் அந்த ஊர்க்காரர்களின் கண்கள் போதும், வழி தானாகக் கிடைக்கும். ஆனால் பழக்கம் என்பது ஊரில்தான் உருவாகிறது. தெரிந்த மாமா எதிரே வரும்போதும் இண்டிகேட்டர் போட்டுத் திரும்பப் பழகிய கைதான், தெரியாத லாரி எதிரே வரும்போது மறக்காமல் போடும்.

“எனக்குத்தான் தெரியுமேப்பா, எதுக்கு லைட்டு?” என்று மாமா சிரிக்கலாம். சிரித்தால் சிரிக்கட்டும். பாலக்கரைக்கு அது ஒத்திகை!