கண்ணைக் கசக்காதீர்கள்

இன்று கொஞ்சம் நீளமான பதிவு. வீட்டில் பள்ளி, கல்லூரிப் பிள்ளைகள் இருப்பவர்கள் பொறுமையாகப் படியுங்கள்.

முப்பது வருடத்துக்கு மேல் பத்தாம் வகுப்புக்கு ஒளியியல் நடத்தியிருக்கிறேன். கண்ணைப் படம் போடச் சொன்னால் பிள்ளைகள் உள்ளே இருக்கும் லென்ஸைத்தான் பெரிதாகப் போடுவார்கள். உண்மையில் பெரிய வேலை செய்வது முன்னால் கண்ணாடி போல இருக்கும் கார்னியா. கண்ணின் மொத்தத் திறன் ஏறத்தாழ 60 டயாப்டர் என்றால், அதில் 43 கார்னியாவுடையது. காற்றிலிருந்து வரும் ஒளி அங்கேதான் அதிகம் வளைகிறது. கிணற்றில் முங்கிக் கண் திறந்தால் எல்லாம் மங்கலாகத் தெரியுமே, ஏன்? கார்னியாவுக்கு முன்னால் காற்று போய்த் தண்ணீர் வந்துவிட்டது, அவ்வளவுதான்.

என் தங்கை பேத்தி பிளஸ் டூ படிக்கிறாள். ஒன்றரை வருடத்தில் மூன்று கண்ணாடி மாற்றியாயிற்று. ஒவ்வொரு தடவையும் சிலிண்டர் பவர் ஏறியது. கண்ணாடிக் கடையில் "ஃபோனைக் குறைக்கச் சொல்லுங்க" என்றார்கள். வீட்டிலும் அதே பாட்டுதான். அவள் என்னிடம் மட்டும், "தாத்தா, ஒரு கண்ணை மூடிட்டுப் பார்த்தாலும் நிலா நாலஞ்சா தெரியுது" என்றாள். இரண்டு கண்ணாலும் பார்க்கும்போது ஒன்று இரண்டாகத் தெரிந்தால் அது வேறு கதை. ஒற்றைக் கண்ணிலேயே பலவாகத் தெரிந்தால் கோளாறு பெரும்பாலும் அந்தக் கண்ணின் ஒளிப்பாதையில்தான்.

கண் மருத்துவமனையில் கார்னியா டோபோகிராபி எடுத்தார்கள். வலியே கிடையாது, சில நிமிட வேலை. வந்த பெயர் கெரட்டோகோனஸ். அரை மில்லிமீட்டர் தடிமன்தான் உள்ள கார்னியா மேலும் மெலிந்து, கூம்பு மாதிரி முன்னால் தள்ளிக்கொண்டு வருவது. நசுங்கிய எவர்சில்வர் சொம்பில் முகம் பார்த்திருக்கிறீர்களா? அப்படித்தான் விழித்திரையில் பிம்பம் கோணலாக விழும். இந்தக் கோணலுக்கு ஒழுங்கு கிடையாது என்பதால் சாதாரணக் கண்ணாடி ஓரளவுக்கு மேல் உதவாது. கெட்டியான கான்டாக்ட் லென்ஸ் உதவும். லென்ஸுக்கும் கார்னியாவுக்கும் நடுவே கண்ணீர் நிரம்பி மேடுபள்ளத்தைச் சமன் செய்துவிடுகிறது. என்ன அழகான இயற்பியல்!

ஆனால் லென்ஸ் நோயை நிறுத்தாது. நிறுத்துவதற்கு 'கிராஸ்லிங்கிங்' என்று ஒரு சிகிச்சை, ஜெர்மனியின் டிரெஸ்டன் நகரில் உருவானது. ரிபோஃபிளேவின், அதாவது நம் பி2 வைட்டமினைச் சொட்டு சொட்டாக விட்டு, புற ஊதா ஒளி காட்டுகிறார்கள். கார்னியாவின் கொலாஜன் இழைகள் ஒன்றோடொன்று பிணைந்து இறுகுகின்றன. போன பார்வையை முழுதாகத் திருப்பித் தராது, இருப்பதைக் காப்பாற்றும். அதனால்தான் சீக்கிரம் கண்டுபிடிக்க வேண்டும் என்று கத்துகிறேன். ரொம்ப முற்றிவிட்டால், யாரோ தானம் செய்த கண்ணுக்குக் காத்திருக்க வேண்டியதுதான்.

டாக்டர் கேட்ட முதல் கேள்வி, "கண்ணைக் கசக்குவியாம்மா?" அலர்ஜி அரிப்பு அவளுக்குச் சின்ன வயதிலிருந்தே உண்டு. கசக்கக் கசக்க மெலிந்த கார்னியா இன்னும் கெடும். இப்போது அரித்தால் சொட்டு மருந்தும் குளிர்ந்த துணி ஒத்தடமும்தான்.

உங்கள் பிள்ளைக்கும் சிலிண்டர் பவர் அடிக்கடி ஏறினால், டோபோகிராபி தேவையா என்று கண் டாக்டரிடமே கேளுங்கள்.

போன மாதம் வலது கண்ணுக்கு முடிந்தது. நாலு நாள் எரிச்சலில் பாவம் துடித்துவிட்டாள். அடுத்தது இடது கண். மார்ச்சில் பரீட்சை. பள்ளியில் முதல் பெஞ்ச் கேட்டிருக்கிறோம்.