ஆட்டுப்பண்ணையில் நான்கு நாள் கூடாரம்

"பண்ணையில் வெளியாட்களைத் தங்க வைத்தால் வருமானம் வருமா?" என்று இந்த இதழின் கேள்வி-பதில் பகுதிக்கு அவ்வப்போது கடிதம் வருகிறது. பிரான்ஸ் நாட்டில் இதைப் பல காலமாகச் செய்து வருகிறார்கள். என் மகள் துலூஸ் நகரில் வேலை பார்க்கிறாள். போன ஜூலையில் நானும் துணைவியாரும் அங்கே போயிருந்தபோது, மகள், மருமகன், பேரனோடு ஓர் ஆட்டுப்பண்ணையில் நான்கு நாள் கூடாரம் போட்டுத் தங்கினோம்.

துலூஸிலிருந்து வடக்கே காரில் இரண்டு மணி நேரம். லோத் என்ற மாவட்டம், ரொக்கமதூர் ஊருக்குப் பக்கம். சுண்ணாம்புப் பாறை நிலம். மேல்மண் ஒரு சாண் இருந்தால் அதிகம். குட்டை ஓக் மரங்களும், சாந்து பூசாத கல் வேலிகளும், கண்ணைச் சுற்றி மை தீட்டியதுபோல் கறுப்பு வளையம் உள்ள செம்மறிகளும்தான் எங்கும். நம் புதுக்கோட்டைப் பக்கத்து மேட்டாங்காடு நினைவுக்கு வந்தது. இந்த மண்ணில் கோதுமையை நம்பிப் பிழைக்க முடியாது. அதனால்தான் ஆடும் வால்நட் மரமும்.

வால்நட் தோப்பு நிழலில் ஆறே ஆறு கூடாரங்களுக்கு இடம். அங்கே ஆறு கூடாரம், இருபது பேர் என்ற அளவுக்குள் இருந்தால் ஊராட்சி அலுவலகத்தில் அறிவிப்புக் கொடுத்தால் போதும். அதற்கு மேல் போனால் முறையான அனுமதி வாங்க வேண்டும். பழைய கொட்டிலின் ஒரு மூலையைத் தடுத்து இரண்டு குளியலறை, இரண்டு கழிப்பறை, பாத்திரம் துலக்க ஒரு தொட்டி. அவ்வளவுதான் வசதி. எங்கள் ஐந்து பேருக்கும் ஓர் இரவுக்கு 28 யூரோ வாங்கினார்கள். கோடையில் காடு தீப்பிடிக்கும் என்பதால் விறகு மூட்ட விடமாட்டார்கள். சின்ன கேஸ் அடுப்பில் துணைவியார் ரசம் வைத்தார். இரவு பத்து மணி வரை வெளிச்சம் இருந்ததால் பேரனைத் தூங்க வைப்பதுதான் பெரும்பாடு!

சுற்றுலா என்று நாங்கள் அலையவில்லை. ரொக்கமதூர் மலைக்கோயிலுக்கு ஒரு நாள் போய் 216 படி ஏறி இறங்கினோம். மற்ற நேரமெல்லாம் பண்ணையில்தான்.

பண்ணைக்கார அம்மாவுக்கு வயது 59. தொண்ணூறு ஆடுகள். காலையும் மாலையும் இயந்திரத்தில் கறவை. விருந்தினர் பிள்ளைகள் பக்கத்தில் நின்று பார்க்கலாம். நல்ல ஆடு நாளைக்கு மூன்று லிட்டர் தரும் என்றார். பாலைக் காய்ச்சுவதில்லை. பச்சைப் பாலிலேயே உறை ஊற்றி, வடித்து, உப்பிட்டு, வட்ட அச்சில் போட்டு, குளிர் அறையில் குறைந்தது ஆறு நாள் வைக்கிறார்கள். உள்ளங்கைக்குள் அடங்கும் 35 கிராம் வில்லை. 1996 முதல் அந்தப் பாலாடைக்கட்டிக்கு ஊர்ப்பெயரில் சட்டப் பாதுகாப்பு உண்டு, நம் பழநி பஞ்சாமிர்தத்துக்குப் புவிசார் குறியீடு இருப்பது போல. தோப்பில் விளையும் வால்நட் பருப்பைக் கல் செக்கில் நசுக்கி, சட்டியில் சூடாக்கிப் பிழிகிறார்கள். இரண்டு கிலோ பருப்புக்கு ஒரு லிட்டர் எண்ணெய்.

கணக்கை விசாரிக்காமல் வர எனக்கு மனம் இல்லை. மகள் மொழிபெயர்த்தாள். கூடார வாடகை பெரிய தொகை இல்லையாம். தங்குகிறவர்கள் கையோடு வாங்கிப் போகும் பாலாடைக்கட்டியும் எண்ணெயும்தான் லாபம். மொத்த வியாபாரி கொடுக்கும் விலைக்கும் பண்ணை வாசலில் கிடைக்கும் விலைக்கும் அத்தனை வித்தியாசம். பிரான்ஸில் 1936-ல் தொழிலாளர்களுக்குச் சம்பளத்தோடு இரண்டு வார விடுப்பு சட்டமானது. 1982-ல் அது ஐந்து வாரமாயிற்று. கோடையில் நகரத்துக் குடும்பங்கள் கூடாரத்தோடு கிளம்புவது அப்படி வளர்ந்த பழக்கம். அந்தக் கூட்டம் நம்மிடம் இன்னும் இல்லை. ஆகவே, கடன் வாங்கி அறை கட்டாதீர்கள் என்பதுதான் கேட்டவர்களுக்கு என் பதில். சுத்தமான கழிப்பறை, நல்ல தண்ணீர், விற்க ஒரு பொருள், வந்தவரிடம் முகம் கொடுத்துப் பேச வீட்டில் ஓர் ஆள், இவை இருந்தால் இரண்டு குடும்பத்தோடு தொடங்கிப் பார்க்கலாம். வெள்ளாமையை விட்டுவிட்டு இதில் இறங்கக் கூடாது.

அந்த அம்மாவின் கவலை வேறு. பண்ணையை அடுத்து யார் பார்ப்பது? அந்த நாட்டில் 2010-க்கும் 2020-க்கும் இடையில் சுமார் ஒரு லட்சம் பண்ணைகள் குறைந்துவிட்டன. விவசாயிகளில் நான்கில் ஒருவர் அறுபதை எட்டியவர். மகன் பாரிஸில் கணினி வேலையில் இருக்கிறார். "அவன் வரமாட்டேன் என்றும் சொல்லவில்லை, வருகிறேன் என்றும் சொல்லவில்லை" என்றார். இதைக் கேட்டதும் துணைவியார் என்னைத் திரும்பிப் பார்த்தார். எங்கள் ஊர் நிலத்துக்கும் அதே கேள்விதான் நிற்கிறது. மகளும் அதை மொழிபெயர்த்துவிட்டுச் சற்று நேரம் பேசவில்லை.

ஆகஸ்டில் மகன் இரண்டு வார விடுப்பில் வந்து பால் கறப்பாராம். அந்த மாதம் அவருடைய அறையையும் விருந்தினருக்கு விட்டுவிடுவதால், அவர் படுப்பது தோப்புக் கூடாரத்தில்தான்.